பால்குழி

பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்த தையல்நாயகியை எதிரே வந்த பூமாலை நிறுத்தினாள்.

"என்னாக்கா, ஒத்தச் செருப்போட வர்றே?"

தையல்நாயகி குனிந்து பார்த்தாள். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுமையாகத் தார்ச்சாலையில் நின்றது. சித்திரை வெயிலில் தார் இளகி, விரல் ஓரத்தில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"பஸ்லயே வுட்டுட்டேன் போல."

"காலு சுடல?"

"இல்லையே."

பூமாலை கையிலிருந்த தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். நடுரோட்டில் குனிந்து, தார் ஒட்டிய அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தாயே, எங்களயும் பாத்துக்கோ."

போன வருடம் வரை இதே பூமாலைதான் குழாயடியில் தையல்நாயகியின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டு முந்துகிறவள்.

எல்லாம் போன வருடத் தீமிதியில் ஆரம்பித்தது. ஒலக்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்த ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதம் படிப்பார்கள், கூத்து நடக்கும், கடைசி நாள் பொழுது சாய்கிற நேரத்தில் தீ மிதிப்பார்கள். தணலைத் தாண்டிய இடத்தில் பால்குழி இருக்கும். கணுக்கால் ஆழத்துக்கு வெட்டி, பாலும் தண்ணீரும் ஊற்றிய பள்ளம். காப்பு கட்டியவர்கள் எல்லாரும் தணல்மீது ஓடிவந்து அதில்தான் போய் விழுவார்கள்.

தையல்நாயகி ஓடவில்லை. கடைக்கு உப்பு வாங்கப் போகிறவள் மாதிரி நடந்தாள். பால்குழியில் காலை வைக்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றாள். யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் போட்டார்கள். அன்றிலிருந்து அவள் சாதாரண மனுஷி இல்லை.

அவள் மெதுவாக நடந்ததற்குக் காரணம் வேறு. கால் எங்கே விழுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வோர் அடியையும் வைக்க முடிந்தது. மறுநாள் குதிகாலில் பெரிய கொப்புளம் இருந்தது. அது வலிக்கவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை.

அந்த வேண்டுதல் அவளுக்காக வைத்ததல்ல. புருஷன் சுப்பராயலு திண்டிவனம் பைபாஸில் லாரியில் அடிபட்டு, உயிர் பிழைப்பானா என்று தெரியாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டாள். இவர் எழுந்து நடந்தால் ஏழு வருஷம் தீ மிதிக்கிறேன். அதுவரை கவுச்சி தொடமாட்டேன். கவுச்சியை எல்லாரும்தான் விடுகிறார்கள், அம்மன் திரும்பிப் பார்க்க அது போதுமா என்று தோன்றியது. அவளுக்கு உயிரே டீதான். அதனால் பாலையும் சேர்த்துக்கொண்டாள். பால், தயிர், மோர், நெய், எதுவும் இல்லை.

சுப்பராயலு எழுந்தான். காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள். இப்போது கரும்பு வயலில் வரப்பு தாண்டிக் குதிக்கிறான். இது ஏழாவது வருடம். இந்த முறை மிதித்துவிட்டால் வேண்டுதல் முடிந்தது. காப்பும் கட்டியாகிவிட்டது.

தையல்நாயகி திண்டிவனத்தில் ஒரு ஜாக்கெட் கடையில் தைத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் மிஷின். காலால் அழுத்தினால் ஓடும், எடுத்தால் நிற்கும். சில மாதங்களாக அவள் காலை எடுத்துவிட்டேன் என்று நினைப்பாள், மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். தையல் கோட்டைத் தாண்டிப் போகும். பக்கத்து மிஷின் அன்புச்செல்விதான் சத்தம் போடுவாள்.

"அக்கா, காலை எடு! கழுத்தத் தைக்கச் சொன்னா முதுகு வரைக்கும் போறியே. அந்தம்மா இதைப் போட்டா தலை எது வழியா வரும்?"

அவளே பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவாள். கல்யாணம் ஆகாதவள், வாய் அதிகம். தையல்நாயகியிடம் பக்தி காட்டாத ஒரே ஆள் அவள்தான். "எங்க மாதா கோயில்ல மெழுகுவத்திதான்க்கா, நெருப்பெல்லாம் நமக்குத் தாங்காது" என்பாள்.

செருப்பு தொலைந்த மறுநாள் மதியம், சாப்பாட்டுக்காகத் தரையில் உட்கார்ந்தபோது அன்புச்செல்வி அவள் காலைப் பார்த்துக் கத்தினாள்.

"அக்கா, அசையாதே!"

வலது உள்ளங்காலில் ஒரு உடைந்த மிஷின் ஊசி ஏறியிருந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே. சுற்றிலும் சதை வெளுத்து, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. அன்றைக்கு ஏறியது இல்லை அது.

அன்புச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஊசி வந்தது. அவள் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. தையல்நாயகி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு வலிக்கலயா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"கட்டையில குத்துன மாதிரி இருக்குது."

"இது அம்மனும் இல்ல ஒண்ணும் இல்ல. நாளைக்கு என்கூட விழுப்புரம் வர்றே. எங்க சித்திக்கு நரம்பு பாத்த டாக்டரு இருக்காரு."

"திருவிழா முடியட்டும்டி."

"ஊசிக்குத் திருவிழா தெரியுமா? ஜல்தி கெளம்பி வர்றே, அவ்வளவுதான்."

விழுப்புரத்தில் டாக்டர் சித்தார்த்தன் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். பிறகு கவட்டை மாதிரி இருந்த ஓர் இரும்பைத் தட்டி அவள் கணுக்கால் எலும்பில் வைத்தார்.

"அதிருதா?"

"இல்லீங்க."

முழங்காலில் வைத்தார். "இப்ப?"

"லேசா."

கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலைப் பிடித்து அசைத்தார். மேலேயா, கீழேயா என்று கேட்டார். அவள் குத்துமதிப்பாகச் சொன்னாள். அன்புச்செல்வி பக்கத்தில் உதட்டைப் பிதுக்கியதைக் கண்ணைத் திறந்ததும் பார்த்தாள். கடைசியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். நின்றாள். "அப்படியே கண்ணை மூடுங்க." மூடினாள். அடுத்த கணம் டாக்டரின் கை அவள் தோளைப் பிடித்திருந்தது. விழுந்துகொண்டிருந்தாள். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

சர்க்கரை இல்லை. ரத்தம் எடுத்தார்கள். பஸ் நிலையம் பக்கம் அன்புச்செல்வி முட்டைப் பொரியலோடு சாப்பாடு சாப்பிட்டாள். தையல்நாயகி எலுமிச்சைச் சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் முடிவு வந்தது.

"கறி, மீன், முட்டை?"

"தொடறதில்லீங்க."

"பால், தயிர்?"

"அதுவும் வுட்டுட்டேங்க. ஏழு வருஷமா."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "பி-12னு ஒரு வைட்டமின். கீரையில கிடையாது, பருப்புல கிடையாது, கேப்பையில கிடையாது. பால், முட்டை, மீன், கறி, இதுலதான் இருக்கு. கரண்டு ஒயர் மேல ரப்பர் சுத்தியிருக்குல்ல, அந்த மாதிரி நரம்பு மேல ஒரு உறை உண்டு. அந்த உறை நல்லா இருக்கணும்னா இந்த வைட்டமின் வேணும். உங்க உடம்புல சேத்து வச்சிருந்தது இத்தனை வருஷத்துல தீந்துபோச்சு."

"ரத்தம் நல்லா இருக்குதுன்னு போன வருஷம் சொன்னாங்களே?"

"கீரை நிறைய சாப்பிடுவீங்க இல்ல? அதனால ரத்தம் நல்லா இருந்துச்சு. அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரல. நரம்பு மட்டும் உள்ளுக்குள்ள போய்க்கிட்டே இருந்திருக்கு." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "மறதி இருக்கா? எதுலயும் பிடிப்பு இல்லாத மாதிரி?"

தையல்நாயகி யோசித்தாள். தை மாதம் அவள் அப்பா பிறந்த வீட்டு ஊரான காணையில் இறந்துபோனார். அண்ணிகள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. வராதது பற்றி வருத்தமும் வரவில்லை. "அம்மனாயிட்டா, இனிமே அழுவாளா" என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

"எங்கப்பா செத்ததுக்கு நான் அழுவலீங்க. அதுவும் இதனாலயா?"

"எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. இதுவும் இருக்கலாம்." அவர் ஊசி மருந்தை எடுத்து மேசையில் வைத்தார். "இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம். உணர்ச்சி திரும்பும்போது மொதல்ல எரிச்சலா, வலியாத்தான் வரும். பயந்து நிறுத்திடாதீங்க. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு திரும்பும். தள்ளிப்போட்டா போனது போனதுதான். இந்தக் காலோட நெருப்பு மட்டும் மிதிக்கக் கூடாது. தீஞ்சு எலும்பு தெரிஞ்சாக்கூட உங்களுக்குத் தெரியாது."

அவர் கண் அவள் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காப்பில் இருந்தது. தையல்நாயகி அதைக் கவனிக்கவில்லை. அவள் மருந்தையே பார்த்தாள். சிறிய கண்ணாடிக் குப்பிக்குள் ரத்தச் சிவப்பாக இருந்தது.

"இது எதுல எடுக்கிறதுங்க? ஈரலா?"

"இல்லம்மா. அந்த மருந்தோட நிறமே அது. தயிர்ப் புரையில கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்குல்ல, அந்த மாதிரி ஒண்ண வளர்த்து எடுக்கிறாங்க."

"கிருமின்னா, உசுருதானுங்களே?"

டாக்டர் அன்புச்செல்வியைப் பார்த்தார். அன்புச்செல்வி கூரையைப் பார்த்தாள்.

"தீமிதி முடிச்சிட்டுப் போட்டுக்கிறேங்க" என்று தையல்நாயகி எழுந்தாள். குப்பிகளைப் பையில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் மயிலம் கிராஸ் தாண்டியதும் அன்புச்செல்வி சொன்னாள்: "உன் புருஷன் காலு ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. நீ எதுக்கு உன் காலைக் குடுக்கிறே?"

வீட்டில் சுப்பராயலு மல்லாட்டையை உடைத்துப் பருப்பை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திருவிழாக் குழுவில் அவனும் இருந்தான், அவன் கையிலும் காப்பு இருந்தது. காப்பு அவிழ்க்கும் வரை அவனுக்கும் கறி கிடையாது. அந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. அவள் டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"சத்தூசிதானே? போட்டுக்கலாம். இன்னும் நாலு நாளு. மிதிச்சிட்டு வந்து ஊசி என்னா, ஆட்டையே போட்டுக்கோ."

"நெருப்பு மிதிக்கக் கூடாதுன்றாரு."

"அப்போ யாரு மிதிக்கிறது? நானா?" என்று சிரித்தான். "காலுக்குள்ள கம்பி இருக்குது. சூடாயிடும்டி."

ஏழு வருடமாக அவன் சொல்லும் நகைச்சுவை அது. ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்.

"கிண்டல் பண்ணாதயா."

அவன் மல்லாட்டையைக் கீழே போட்டான். குரல் இறங்கியது. "ஏழாவது வருஷத்துல வுட்டா என்னா ஆவும்னு யோசிச்சியா? வேண்டுதல் எனக்குன்னு வச்சது. எனக்கு எதுனா ஆயிடுச்சின்னா?"

அவனுக்குப் பயம் என்று அவளுக்குப் புரிந்தது. இவன் செத்துப்போனால் அழுவேனா என்று நினைத்துப் பார்த்தாள். அந்த இடத்திலும் கட்டையில் குத்துவது மாதிரிதான் இருந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"சரி, மிதிக்கிறேன்" என்றாள். குப்பிகளைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மண்பானைக்குப் பக்கத்தில் மாற்றினாள்.

தீமிதி அன்று மதியம் பானுப்ரியா வந்தாள். தெருக்கோடி வீட்டு மருமகள். கையில் நடக்கத் தெரியாத பெண்குழந்தை. பூமாலைதான் அவளைக் கூட்டி வந்திருந்தாள்.

"அத்தை, இவளுக்கு அடிக்கடி வலிப்பு மாதிரி வருது. பாப்பாவ எடுத்துக்கினு தீ மிதிக்கிறேன்னு வேண்டிக்கினேன். எனக்கு பயமா இருக்குது. உங்களத்தான் நெருப்பு ஒண்ணும் பண்ணாதே. நீங்க தூக்கிக்கினு போங்க அத்தை."

தையல்நாயகி வாயைத் திறப்பதற்குள் சுப்பராயலு சொன்னான்: "அதுக்கென்னா, எடுத்துக்கினு போவா. போன வருஷம் பாத்தே இல்ல, எப்படி நடந்தான்னு!"

பானுப்ரியா குழந்தையை அவள் கையில் கொடுத்துப் பார்த்தாள். குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. பிறகு அவளும் பூமாலையும் குழந்தையோடு போனார்கள்.

தையல்நாயகி வாசலில் நின்றாள். குழந்தையைத் தோளில் போட்டால் தரை தெரியாது. பொழுது சாய்ந்திருக்கும், புகை இருக்கும். காலைப் பார்க்காமல் நடக்க வேண்டும்.

அவள் உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து வந்தாள். அதைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"யோவ், இங்க பாரு."

"என்னாடி விளையாட்டு?"

காலைச் சேர்த்து வைத்தாள். கண்ணை மூடினாள்.

சொம்பு சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டு, படி இறங்கி, தெருவுக்கே போய்விட்டது. தையல்நாயகி பக்கவாட்டில் கிடந்தாள். முழங்கை உரசி ரத்தம் வந்தது. சுப்பராயலு முதலில் சிரித்தான். அவள் எழுந்திருக்கத் தரையில் கையால் துழாவி, தன் காலையே கண்ணால் தேடியபோது அவன் சிரிப்பு நின்றது.

"தடுக்கி வுழுந்தியா?"

"தடுக்க ஒண்ணும் இல்ல. கண்ணை மூடுனா எனக்குக் காலே கெடையாது."

"போன வருஷம் நடந்தியே?"

"பாத்துப் பாத்து வச்சேன். அதைத்தான் நீங்கல்லாம் கும்பிட்டீங்க."

அவன் தெருவில் இறங்கிப் போய்ச் சொம்பை எடுத்து வந்தான். நசுங்கிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றான்.

சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம் நெருக்கியது. தணலைப் பரப்பி முறத்தால் விசிறினார்கள். காப்பு கட்டியவர்கள் ஈர உடையோடு வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாகத் தையல்நாயகி. பால்குழியில் பால் ஊற்றும் வாசனை வந்தது. பானுப்ரியா குழந்தைக்கு வேப்பிலை மாலை போட்டு எடுத்து வந்து நீட்டினாள்.

தையல்நாயகி கையை நீட்டவில்லை.

"உன் குழந்தைய நான் தூக்க மாட்டேன்."

"அத்தை?"

"எனக்குக் காலுல உணர்ச்சி இல்ல. அம்மன் அருளு இல்ல அது. சீக்கு. டாக்டரு சொல்லிட்டாரு. நீ பாப்பாவ அவருகிட்டயே காமி."

பம்பை மேளம் நின்றது. பூமாலை முன்னால் வந்தாள். "நேரம் பாத்து இப்படிப் பேசுறியே? போன வருஷம் என்னா நாடகமா?"

"நாடகம் இல்ல. எனக்கும் தெரியாது."

"உன் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்டி நான்! நடுரோட்டுல!"

"தாரு ஒட்டிச்சே, கையக் கழுவுனியா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். பூசாரி குழம்பிப்போய் நின்றார். "அப்போ உன் வேண்டுதல்? ஏழாவது வருஷம் ஆச்சே?"

தையல்நாயகி வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

கூட்டத்துக்குள்ளிருந்து சுப்பராயலு வந்தான். குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். வேட்டியை மடித்துக் கட்டினான்.

"டேய் சுப்பராயலு, கம்பி சூடாயிடும்டா!" என்று ஒரு குரல் வந்தது.

"சூடானா அதுல உங்கொப்பன் வீட்டுச் சோத்த ஆக்கிக்கோ" என்றான். பூசாரியைப் பார்த்தான். "என் உசுருக்கு வச்சது. நான் மிதிக்கலாமா, கூடாதா?"

"காப்பு கட்டியிருக்கே. வேண்டுதலும் ஒரே வீட்டோடது. போ."

அவன் போனான். மூன்றாவது அடியிலேயே அலறினான். கோவிந்தா என்று கத்த வேண்டிய இடத்தில் அய்யய்யோ என்று கத்திக்கொண்டே துள்ளித் துள்ளி ஓடினான். பால்குழியில் குதித்து, கால் வழுக்கி, பாலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். ஊர் சிரித்தது. பூமாலைகூடச் சிரித்தாள்.

தையல்நாயகி சிரிக்கவில்லை. அவள் கை வாயைப் பொத்தியிருந்தது. அது எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவள் திண்டிவனம் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தாள். அன்புச்செல்வி கூட வந்தாள், வழியில் ஒரு ஜோடி புதுச்செருப்பு வாங்க வைத்தாள். பின்னால் வார் வைத்தது. "இது கழண்டா காலும் கூடவே கழண்டதுன்னு அர்த்தம், வித்தியாசம் தெரிஞ்சிடும்" என்றாள்.

வீட்டில் சுப்பராயலு கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான். எழுந்து நிற்க முடியாதவன், எப்படியோ அடுப்படிக்குத் தத்திப் போய் டீ போட்டு வைத்திருந்தான். பால் டீ. மேலே ஆடை படிந்திருந்தது.

"வேண்டுதல் முடிஞ்சிச்சி. குடி."

அவள் வாங்கிக் குடித்தாள். சூடாக இருந்தது. இனிப்பு அதிகம். இத்தனை வருடமாக இதற்காக ஏங்கியதாகத்தான் நினைத்திருந்தாள். சும்மா ஒரு டீயாக இருந்தது. முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

அவன் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மருந்து தடவினாள். கொப்புளங்கள் பெரிதாக இருந்தன.

"அம்மா! மெதுவாடி!"

"வலிக்குதா?"

"பின்ன? பேஜாரா இருக்குது. உயிரு போவுது."

அவள் விரலை அங்கேயே வைத்திருந்தாள்.

"எப்படி வலிக்குது?"

"எப்படின்னா? வலிக்குது, அவ்வளவுதான்."

"இல்லயா, ஒழுங்கா சொல்லு. முள்ளு குத்துற மாதிரியா, காந்துற மாதிரியா? வுட்டு வுட்டு வருதா, இருந்துக்கினே இருக்குதா?"

அவன் முனகலை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"உனக்கு எதுக்குடி அது?"

"மொதல்ல வலிதான் வரும்னு டாக்டரு சொல்லியிருக்காரு" என்றாள் தையல்நாயகி. "வந்தா எனக்கு அடையாளம் தெரியணும் இல்ல."